லேட்டே இல்லாத பள்ளி

"வருஷம் பூரா ஒரு பிள்ளைகூட லேட் இல்லையா? யார் காதுல பூ சுத்துறீங்க?"

கல்வி அதிகாரி நேரிலேயே வந்துவிட்டார். லேட்டாக வரும் பிள்ளைகளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லி உத்தரவு போட்டவரே அவர்தான்.

தலைமை ஆசிரியை சிரித்தார். "நீங்களே பாருங்க சார். பெல் அடிச்சப்புறம் ஒரு பிள்ளைகூட வராது."

"அடி பின்னிடுவீங்களோ?"

"திட்டினதுகூட இல்ல சார்."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது பத்து. "ஒன்பதுக்குத்தானே பெல்?"

"உங்க வாட்ச் வேகமா ஓடுது போல."

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதாக இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. அவர் முணுமுணுத்தபடி தன் கடிகாரத்து முள்ளைப் பின்னால் திருப்பினார்.

அப்போது சொட்டச் சொட்ட நனைந்த சீருடையோடு ஒரு சிறுமி தலைதெறிக்க ஓடிவந்தாள். "தண்ணி லாரி இப்பத்தான் வந்துச்சு டீச்சர்!"

அவள் பின்னாலேயே பியூன் ஜன்னலில் தலையை நீட்டினார். "கடைசி ஆளும் வந்தாச்சும்மா. பெல் அடிச்சிரட்டுமா?"

தலைமை ஆசிரியைக்கு முகம் வெளிறிப் போயிற்று.

அதிகாரி அந்த ஈரச் சீருடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதட்டலாகச் சொன்னார்: "அடிங்கய்யா! என் வாட்ச்லயும் இப்பத்தான் ஒன்பது ஆகுது."