நன்றிப் பட்டியலில் இல்லாதவர்

நன்றி சொன்ன பட்டியலில் பெயின்ட் கடைக்காரர் இருந்தார். எறும்புக்காரர் இல்லை.

ஆராய்ச்சிக் கட்டுரையின் கடைசித் தாளில் விரலை வைத்து எறும்புக்காரர் இன்னொரு தரம் படித்துப் பார்த்தார். தோட்டத்துக்குள் விட்ட அதிகாரிக்கு நன்றி. கணக்கைச் சரிபார்த்த தோழிக்கு நன்றி. சின்னச் சின்ன டப்பாவில் நாலு நிறம் கலந்து கொடுத்த பெயின்ட் கடைக்காரருக்கு நன்றி. அதோடு சரி. முற்றுப்புள்ளி.

பூச்சிகளை ஆராயும் அந்தக் கூடத்தில் அவர் உதவியாளர். ஆனால் வாசல் காவலாளி வரைக்கும் எல்லாருக்கும் அவர் எறும்புக்காரர்தான். இருபத்திரண்டு வருஷமாக எறும்புகளுக்குப் பொட்டு வைக்கிறார். ஐந்து நிமிஷம் குளிர்பெட்டியில் வைத்தால் எறும்பு அசந்து கிடக்கும். அது விழித்துக்கொள்வதற்குள் ஒற்றை முடித் தூரிகையால் முதுகில் ஒரு புள்ளி. எந்த எறும்பு எங்கே போகிறது, யார் கூடப் போகிறது என்பதை அப்புறம் அந்தப் புள்ளி சொல்லிவிடும். இந்த ஆராய்ச்சிக்கு மட்டும் நாலாயிரம் புள்ளி.

இதுவரை பத்தொன்பது கட்டுரைகள் அந்தக் கூடத்திலிருந்து போயிருக்கின்றன. ஒவ்வொன்று அச்சாகி வந்ததும் அவர் நேரே பொடியெழுத்து நன்றிக்குப் போய்விடுவார். ஒரே ஒரு தடவை "ஆய்வக ஊழியர்களுக்கும்" என்று இரண்டு சொல் இருந்தது. அந்தத் தாளை மடித்து ஒரு மாசம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

இந்த முறை சந்தேகமே படவில்லை. ஏனென்றால் இந்தக் கட்டுரையை எழுதிய ஆராய்ச்சி மாணவி வேறு மாதிரி. சிவப்புப் பொட்டு திரும்பி வந்தால்தான் நீலப் பொட்டு வெளியே கிளம்புகிறது என்று அவர் போகிற போக்கில் சொன்னதை, குடித்துக்கொண்டிருந்த தேநீரை அப்படியே வைத்துவிட்டு வந்து கேட்டவள். மூன்று வாரம் எறும்புப் பெட்டிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் இவர். கடைசியில் கட்டுரையே அதைப் பற்றித்தான் என்றாகிவிட்டது.

அந்தத் தைரியத்தில், இந்தத் தடவை தன் பெயர் வரும் என்று வீட்டில் வாய்விட்டிருந்தார். மனைவி அதைத் தன் அண்ணனிடம் சொல்ல, மச்சான் வாராவாரம் போன் போட்டு விசாரிக்க ஆரம்பித்தார்.

"வரலையா இன்னும்? உங்க எறும்புங்க வாயைத் திறந்து சொன்னாத்தான் உண்டு போல" என்று மனைவி நேற்றுகூடச் சிரித்தாள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

காலையில் அச்சு இயந்திரத்தில் கிடந்த தாள்கட்டிலிருந்து நன்றி இருந்த அந்த ஒரு தாளை மட்டும் உருவிக்கொண்டு போய் ஸ்டோர் அறையில் காட்டினார். ஸ்டோர்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"ஏம்ப்பா, எறும்புக்குப் பொட்டு வெச்சது நீயா, பெயின்ட் கடைக்காரனா?"

சாதாரணக் கேலிதான். ஆனாலும் அது இறங்கின இடம் வேறு. அங்கேயே ஒரு தாள் வாங்கி, பார்வை மங்கிவிட்டது, தேர்வுப் பிரிவு அலுவலகத்துக்கு மாற்றித் தரவும் என்று எழுதினார். எறும்புப் பெட்டிகளுக்கு ஒருதரம் தண்ணீர்ப் பஞ்சு மாற்றிவிட்டு, கூடத்துப் பேராசிரியரிடம் சேர்க்கச் சொல்லிக் கொடுக்க மாணவியின் அறைக்குப் போனார்.

அவள் விண்ணப்பத்தைப் படித்தாள்.

"கண்ணு தெரியலையா? போன வாரம்தானே எறும்பு கொட்டாவி விட்டாக்கூடத் தெரியுதுன்னு சொன்னீங்க?"

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேலையில் ஏதாவது தொந்தரவா, பேராசிரியர் எதுவும் சொன்னாரா என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினார். பேசாமல் போய்விடத்தான் நினைத்தார். முடியவில்லை.

"நான் பெருசா எதுவும் ஆசைப்படலம்மா. அந்தப் பெயின்ட் கடைக்காரருக்கு அப்புறமாப் போட்டிருந்தாக்கூடப் போதும். வீட்டுல காட்டிட்டு நான் பாட்டுக்கு வேலையைப் பாத்திருப்பேன்."

மடித்து வைத்திருந்த நன்றித் தாளை மேசையில் வைத்தார். அவள் அதைப் பிரித்துப் பார்த்தாள். பின்பக்கம் திருப்பியும் பார்த்தாள்.

"இதை மட்டும்தான் பாத்தீங்களா அண்ணா?"

"வேற எதைப் பாக்கணும்?"

"வெளியாளுங்களுக்குத்தான் இங்க நன்றி சொல்றது."

அவருக்கு இன்னும் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷம் உள்ளேயே கிடந்தவன் நன்றிக்கும் ஆகாதவனாகிவிட்டானா?

அவள் இழுப்பறையைத் திறந்து எதையோ தேடிக்கொண்டே கேட்டாள். "ரெண்டு மாசம் முன்னாடி ஒரு படிவத்துல கையெழுத்து வாங்கினேனே, அது எதுக்குன்னு நினைச்சீங்க?"

"புதுப் பெட்டி வந்து சேர்ந்ததுக்கு."

"சரியாப் போச்சு. அந்தப் படிவத்துக்காகப் பேராசிரியர்கிட்ட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

முழுக் கட்டுரையையும் எடுத்து, முதல் தாள் மேலே இருக்கும்படி அவர் பக்கம் நகர்த்தினாள்.

தலைப்புக்குக் கீழே, ஆய்வை நடத்தி எழுதியவர்கள் என்று மூன்று பெயர்கள். முதலில் அவளுடையது. கடைசியில் பேராசிரியருடையது. இருபத்திரண்டு வருஷமாக அவர் நன்றிகளுக்கு நடுவே தேடிக்கொண்டிருந்த பெயர், அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது.