தச்சரின் தோள்

புதிய மேசையும் அலமாரியும் பொருத்துவதற்காக, சுவரோடு சேர்த்து அடித்திருந்த பழைய அலமாரியைக் கழற்றிக்கொண்டிருக்கிறார் தச்சர். கடைசிப் பக்கப் பலகையை நெம்பி எடுத்ததும் தலைக்கு மேலே மரம் நெரிகிறது. மாடித்தளத்தைத் தாங்க வேண்டிய உத்தரம் செல்லரித்துப்போய், இத்தனை நாளும் அலமாரியின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. உளியைப் போட்டுவிட்டு அவர் உத்தரத்துக்கு அடியில் தோளைக் கொடுக்கிறார். ஜன்னல் வெயிலில் மரத்தூள் பொலபொலவென்று உதிர்கிறது.

"மேல யாரும்மா நடக்கிறது?"

"என் மாமனாருங்க." வீட்டுக்காரி மாடிப்படிப் பக்கம் திரும்புகிறாள்.

"அசையாம நிக்கச் சொல்லுங்க. நீங்க மேல போகாதீங்க, கனம் தாங்காது."

அவள் போன் செய்கிறாள். "மாமா, அப்படியே நில்லுங்க."

"கேக்கலம்மா, சிக்னல் இல்ல. இரு, ஜன்னல் பக்கம் வர்றேன்."

மாடி ஜன்னல் தச்சரின் தலைக்கு நேர் மேலே இருக்கிறது. ஒரு காலடி. இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தச்சரின் முழங்கால் ஒரு விரற்கடை மடங்குகிறது. மாமனாரிடம் குரல் உயர்த்தியே அறியாதவள் மேலே பார்த்துக் கத்துகிறாள். "நில்லுங்கன்னா நில்லுங்க!"

காலடி நிற்கிறது.

"சுவரோரமாவே நடந்து கீழ வாங்க மாமா."

அவர் இறங்கி வந்து அறையைப் பார்க்கிறார். கழற்றிப்போட்ட பக்கப் பலகையைத் தூக்குகிறார். மருமகள் மறுமுனையைப் பிடிக்கிறாள். இருவரும் அதை உத்தரத்துக்கு அடியில் நிமிர்த்தி, கீழே ஒரு கட்டையைச் செருகி அடித்து இறுக்குகிறார்கள். மரம் ஒருமுறை முனகி அடங்குகிறது.

"நின்னுடுச்சுப்பா, வெளிய வா," என்கிறார் மாமனார்.

செருகிய கட்டையைப் பார்த்தபடியே தச்சர் சரியென்று தலையாட்டுகிறார். தோளை மட்டும் எடுக்கவில்லை.