கதவுக்கு இந்தப் பக்கம்

மழை இருட்டிக்கொண்டு வருகிறது. பெர்மாஸ் ஜெயா குடியிருப்பில் உள்ள அவர்கள் வீட்டின் சமையலறையில் இன்னும் விளக்குப் போடவில்லை. ரெஜினா கையில் ஈரத் துணியோடு, சமையலறையை ஒட்டிய குளியலறைக் கதவருகே மூச்சைக்கூட மெல்ல விட்டபடி நிற்கிறாள். உள்ளே அவள் கணவர் அருளப்பன் சிறுநீர் கழிக்கும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்கிறது. அவருக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் இப்படித்தான் ஒட்டுக்கேட்கிறாள். சின்னதுதான், மெதுவாகத்தான் வளரும், இப்போது ஆபரேஷன் வேண்டாம், அவ்வப்போது ரத்தம் சோதித்துக் கவனித்து வருவோம் என்று இன்று காலையும் டாக்டர் சொன்னார். அருளப்பன் நிம்மதியாகத் தலையாட்டினார். காரில் வரும்போது அவளுக்குத்தான் தாங்கவில்லை. “வெட்டி எடுத்துடலாங்க. அத உள்ள வச்சுக்கிட்டு எப்படித் தூங்குறது?” என்றாள். “டாக்டருக்குத் தெரியாததா? விடு லா” என்றார் அவர். இப்போது உள்ளே சத்தம் நிற்கிறது. அவள் காதை வைத்ததும் பிளாஸ்டிக் கதவு லேசாக முனகுகிறது. “அங்கதான் நிக்கிறியா?” என்கிறார் உள்ளிருந்து. குரலில் கோபமில்லை, களைப்புதான். அவள் நகரவில்லை. சற்றுப் பொறுத்து அவர் குழாயை முழுதாகத் திறந்துவிடுகிறார். வாளியில் தண்ணீர் விழும் இரைச்சலுக்குள் அவரைத் தனியாகப் பிரித்துக் கேட்க அவளால் முடியவில்லை.