முதல் லோடு

"ஏலே ஆதம், அந்தக் குவியல்ல கை வைக்காதே! அது என் பங்கு!"

தென்காசி கூட்ஸ் ஷெட் வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார் பால்வண்ணநாதன். செங்கல் சூளைக்காரர்கள் சங்கத் தலைவர்.

சின்னச் சூளைக்காரன் ஆதம் கேட்பதாக இல்லை. காலையில் அவர் ஒதுக்கிவைத்த குவியலை இன்றைக்கு விடக்கூடாது என்றுதான் அவருக்கு முந்தி லாரியோடு வந்திருந்தான்.

எழுபத்தொன்பதில் நிலக்கரிக்கு அப்படி ஒரு தட்டுப்பாடு. இரண்டு மாதம் கழித்து அன்றைக்குத்தான் வடக்கேயிருந்து ஒரு வேகன் வந்திருந்தது. குற்றாலத்தில் லாட்ஜ் கட்ட அவனிடம் செங்கல் கேட்டிருந்தார்கள். சாரல் விழுவதற்குள் சூளை போடாவிட்டால், அறுத்து அடுக்கிய பச்சைக்கல் அத்தனையும் கரைந்து மண்ணாகிவிடும்.

"ஏன் அண்ணாச்சி, எப்பவும் முதல் லோடு உங்களுக்குத்தானா? வேகன் இறக்குன உடனே கிளறிப் பார்த்து ஒரு குவியலை ஒதுக்கிருதிய. மிச்சம்தான் எங்களுக்கு. தலைவர்னா ஒரு நியாயம் வேண்டாமா?"

"இப்ப அதைப் பேசாதே. அங்கன இன்னொரு குவியல் கிடக்கு பாரு, அதை அள்ளு."

"மாட்டேன். நல்ல கரிக்கும் அதே விலை, மட்டக் கரிக்கும் அதே விலை. அதையும் வருஷா வருஷம் ஏத்துதாங்க. எனக்கு மட்டும் என்ன தலையெழுத்து?"

சொல்லிக்கொண்டே ஒரு கூடையை அள்ளி லாரியில் கவிழ்த்தான்.

'ணங்'கென்று சத்தம்.

எட்டிப் பார்த்தான். கையை விட்டுத் துழாவினான். பாதிக்குப் பாதி கல். மீதி வெறும் தூள்.

"அண்ணாச்சி... இதையா நீங்க எப்பவும் ஒதுக்குதிய?"

பால்வண்ணநாதன் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"ஒவ்வொரு வேகன்லயும் கொஞ்சம் இப்படித்தான் வருது. கேட்டா பதில் சொல்ல ஆளில்ல. என் சூளை பெருசு, தோப்பு விறகைப் போட்டு ஒப்பேத்திருவேன். உன் சூளை வேகலைன்னா நீ என்னலே பண்ணுவே?"

ஆதம் கூடையைக் கீழே வைத்தான். "ஊர்ல உங்களை என்னெல்லாம் பேசுதாங்க! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா, இந்த மட்டக் கரியை ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கிடுதோம்னு எல்லாரும் வந்து நிப்பிய. அப்புறம் எவன் சூளையும் வேகாது. சட்டுன்னு லாரியில கொட்டுனதை இறக்குலே, மத்தவுக வந்துரப் போறாக!"