வெயில் இறங்கும் வரை

கொழும்புத் துறைமுகத்தில் நிற்கும் பயணிகள் கப்பலின் பின்புறத்தில், கயிற்றில் தொங்கும் பலகையில் இருந்தபடி சிவானந்தன் மூன்றாம் முறையாக அதன் பெயரை மாற்றி எழுதுகிறார். கப்பல் கைமாறிய ஒவ்வொரு முறையும் கூட வேலை செய்தவர்கள் இறங்கிப் போனார்கள். கதிரை மேசைகளோடு சேர்த்து விற்கப்பட்டவர் போல இவர் மட்டும் மிஞ்சியிருக்கிறார். கொட்டாஞ்சேனைப் பக்கமிருந்து தேவாலய மணி கேட்கிறது. பின்னேர வெயில் சாய்ந்து விழ, புது வெள்ளைப் பூச்சின் அடியிலிருந்து முதல் முதலாளி வைத்த பெயர் மெல்லிய நிழலோடு எழும்புகிறது. இரும்பில் வெல்டிங் பிடித்த எழுத்துகள்; எத்தனை தரம் உரஞ்சினாலும் தழும்பு போவதில்லை. கரையில் நிற்கும் புது மேனேஜர் வினோதன் கையைக் குவித்துக் கத்துகிறான்: “அண்ணை, பழைய பேர் தெரியுது! நாளைக்கு முதலாளி வாறார், வடிவா உரஞ்சி விடுங்கோ!” “வெயில் இறங்கினாத் தெரியாது, தம்பி.” வினோதன் தலையாட்டிவிட்டுப் போகிறான். உரஞ்சும் மெஷின் பலகையில் சும்மா கிடக்கிறது. சிவானந்தன் பிரஷை வாளியில் போட்டுவிட்டு, அந்தப் பழைய எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டு போகிறார். கடைசி எழுத்துக்கு வரும்போது வெயில் இறங்கிவிடுகிறது. பழைய பெயர் இருந்த இடம் வெறும் வெள்ளையாக நிற்கிறது. விரலுக்கு மட்டும் இன்னும் தெரிகிறது.