டேப்பின் மிச்சம்

"பாட்டு மாதிரி இருக்கும், பாட்டு இல்லை. சண்டை மாதிரி இருக்கும், சண்டை இல்லை. அது என்ன?"

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கேசட் கடை வைத்திருந்த வீரம்மா, வாடிக்கையாளர்கள் முன்னால் விடுகதை போட்டார்.

"என் ராப் பாட்டுதானே அக்கா? நல்லா சிரிங்க," என்றான் வேலாயுதம். சுங்கை வே தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டு எழுதுகிறவன்.

"கோவிச்சுக்காதே தம்பி. கேசட் கம்பெனியில என்ன சொன்னாங்க?"

"நடுவுல ரெண்டு காதல் வரி, ஒரு பொண்ணு குரல். சேர்த்தா தைப்பூசத்துக்குப் பத்துமலையில ஆல்பம் விற்பனைக்கு வருமாம். இல்லாட்டி வராதாம். சாயங்காலம் பதில் சொல்லணும்."

"சேர்த்துட்டுப் போயேன் லா. ஊரே காதல் பாட்டுதான் கேக்குது."

"ஷிப்ட் வேலைக்குப் போற அம்மாவைப் பத்தின பாட்டு அக்கா. இதுல காதலி எங்க நிப்பா, பஸ் ஸ்டாப்புலயா? சேர்க்க மாட்டேன்."

"அப்ப ஒருத்தரும் வாங்க மாட்டாங்க."

"வாங்க வேணாம். ஒரு மாசமா என் கேசட் உங்ககிட்ட இருக்கு. ஒரு நாளாவது ஸ்பீக்கர்ல போட்டீங்களா? திருப்பிக் குடுங்க."

வீரம்மா பதில் சொல்வதற்குள், பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி புதுக் கேசட்டை நீட்டினாள்.

"ஆன்டி, எங்க அக்காவுக்கு சினிமாப் பாட்டு பதிஞ்சு குடுத்தீங்களே, அதே மாதிரி எனக்கும் வேணும். ஆனா கடைசிப் பாட்டு மட்டும் ரெண்டு பக்கமும் வரணும்."

"எது, பாடிக் காட்டு."

சிறுமி மூச்சு விடாமல் சொன்னாள்: "அம்மா வேலைக்குப் போறப்ப நான் தூங்குறேன், அம்மா தூங்குறப்ப நான் ஸ்கூல் போறேன்..."

வேலாயுதம் வீரம்மாவைப் பார்த்தான்.

"என்ன பாக்குற? யாருக்குப் பாட்டு பதிஞ்சாலும் கடைசியில கொஞ்சம் டேப் மிஞ்சுது. காலியா விடுறதுக்குப் பதிலா உன் பாட்டைப் போட்டேன். ஸ்பீக்கர்ல போட்டா ரோட்டோட போயிரும். இது வீட்டுக்குள்ள போகும்."

பிறகு சிறுமியிடம் திரும்பினார். "ரெண்டு பக்கமும்னா இடம் பத்தாதும்மா. ஒரு காதல் பாட்டை எடுக்கணும். எதை எடுக்கட்டும்?"

ஒலிபெருக்கியில் அப்போது, அந்த ஆண்டு ஊரையே கலக்கிய காதல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

சிறுமி அதை எடுக்கச் சொன்னாள்.