நனையாத என்ஜின்

மழையில் ஓடிவந்த தங்கவேல் கால்வாய்க் கரையில் திகைத்து நின்றான். அவன் ஓட்டும் மோட்டார் படகின் பின்பக்கம் திறந்து கிடந்தது. என்ஜின் குழியை மூடும் தார்ப்பாயைக் காணோம்.

காலையில் கட்டினோமா? மந்தைவெளிக்கு டீ குடிக்கப் போன அவசரத்தில் மறந்துவிட்டோமா? நினைவில்லை. மூன்று மணிக்கு ஒரு வெள்ளைக்காரத் துரை என்ஜினைப் பார்க்க வருவதாக முதலாளி பிலிப் சொல்லியிருந்தார். பெரிய வாடகையாகத்தான் இருக்கும். அது போனால் தன்னால் போனதாகும்.

கரையோரத்தில் இருந்த தன் குடிசைக்கு ஓடி, கூரைமேல் விரித்திருந்த கித்தானை உருவினான். கையோடு மனைவியின் மாற்றுச் சேலையையும் எடுத்துக்கொண்டான்.

“இன்னாய்யா இது? புள்ளைங்க நனையுதுங்க!” என்று கத்தினாள் தேவானை.

“என்ஜின் நனைஞ்சா அதுங்களுக்குச் சோறு ஏது?”

குழியின் மேல் கித்தானை இழுத்துக் கட்டினான். தேங்கிய தண்ணீரை டப்பாவால் இறைத்தான். சேலையால் என்ஜினை இண்டு இடுக்கு விடாமல் துடைத்தான்.

மூன்று மணிக்குத் துரை வந்தார். கூடவே நான்கு சிப்பாய்கள். பிலிப் குடையுடன் படகில் ஏறி நின்றார்.

தங்கவேல் கைப்பிடியை ஒரே ஒரு சுற்றுச் சுற்றினான். என்ஜின் படபடவென்று பிடித்துக்கொண்டது.

“தப்பு என்னுதுதான் மொதலாளி, தார்ப்பாய் கட்ட மறந்துட்டேன்” என்றான் மெதுவாக. “ஆனா ஓட வச்சிட்டேன், பாத்தியா?”

முகம் வெளுத்த பிலிப் அவன் காதருகே குனிந்தார்.

“நீ மறக்கலடா. நான்தான் அவுத்து எடுத்துக்கினு போனேன். ஓடாத படகைப் பட்டாளத்துக்காரங்க சண்டைக்குப் புடுங்கிக்க மாட்டாங்களாம். உன் ஓட்டை வாய்க்குப் பயந்து உன்கிட்ட சொல்லல.”

துரை தங்கவேலின் தோளைத் தட்டிக்கொடுத்து, படகைவிட்டு இறங்கச் சொன்னார்.